கணிதத்தில் எஸ் எடுத்தால் எந்தக் கதவு திறக்கும்?

சாதாரண தரப் பெறுபேறு வந்து நாலாம் நாள் பின்னேரம், கொழுந்து நிறுத்துவிட்டு ஒரு தாய் தன் மகளையும் கூட்டிக்கொண்டு என் காரியாலயத்துக்கு வந்தார். பிள்ளை ஒன்பது பாடமும் சித்தி. தமிழில் ஏ, விஞ்ஞானத்தில் பி, கணிதத்தில் எஸ். பெறுபேறு வந்த அன்றைக்கே லயம் முழுக்க இனிப்புக் கொடுத்தாச்சு. பிறகு உயர்தரத்தில் கணிதப் பிரிவில் சேர்க்கப் போனால், முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

“பாஸ்னு தானே ஐயா போட்டிருக்கு? பெயில்னு எங்கயும் இல்லையே?” என்று அந்தத் தாய் கேட்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. திருப்பி அனுப்பியவர்கள் சொன்னதும் சட்டப்படி சரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு விஷயம் இருக்கிறது. அதை நம்ம தோட்டங்களில் யாரும் பெற்றோருக்கு விளக்கிச் சொல்வதில்லை. நான் உட்படத்தான். அதனால் இந்த முறை சுகாதாரம், குடிநீர் பற்றியெல்லாம் எழுதாமல் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த எழுத்துகள். 75 புள்ளியும் அதற்கு மேலும் எடுத்தால் ஏ. 65 முதல் 74 வரை பி. 50 முதல் 64 வரை சி. 35 முதல் 49 வரை எஸ். 35க்குக் கீழே போனால் டபிள்யூ, அதுதான் பெயில். ஆக எஸ் என்பது சித்திதான், பொய் இல்லை. உயர்தரத்துக்குப் போகப் பொதுவான நிபந்தனை என்னவென்றால், தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி, அதில் மூன்றாவது சி அல்லது அதற்கு மேல். அரசாங்க உத்தியோக விளம்பரங்களிலும் கிட்டத்தட்ட இதே வரி வருவதைப் பார்த்திருப்பீர்கள். இந்த வாசலுக்கு கணிதத்தில் எஸ் போதும். ஆனால் உள்ளே போன பிறகு ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி வாசல். கணிதப் பிரிவுக்குக் கணிதத்தில் குறைந்தது சி வேண்டும். உயிரியல் பிரிவுக்கு விஞ்ஞானத்தில் சி வேண்டும். அந்தப் பிள்ளை முதல் வாசலைத் தாண்டி இரண்டாம் வாசலில் நின்றுவிட்டாள்.

இதில் எனக்குக் கவலை தந்தது வாசல் இல்லை. விஞ்ஞானத்தில் பி எடுக்கத் தெரிந்த பிள்ளை கணிதத்தில் ஏன் எஸ்ஸோடு நின்றாள் என்பதுதான். பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, தெரிந்ததைச் செய் புள்ள என்று கொடுத்தேன். தொடைகள், நிகழ்தகவு, புள்ளிவிபரவியல் எல்லாம் அழகாகச் செய்தாள். கேத்திரகணிதமும் மோசமில்லை. அட்சரகணிதம் வந்த இடத்தில்தான் சறுக்கினாள். அதுவும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி. 5 − 2(x − 3) என்றிருந்ததை 5 − 2x − 6 என்று எழுதியிருந்தாள். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் அடையாளம் வந்தால் உள்ளே இருக்கும் கழித்தல் கூட்டலாக மாறும் என்பது அவள் கையில் படியவில்லை. சரியான விடை 5 − 2x + 6, அதாவது 11 − 2x.

இது பத்தாம், பதினோராம் வகுப்புப் பாடம் இல்லை. ஏழிலும் எட்டிலும் கற்றுக்கொள்வது. அவள் ஆறாம், ஏழாம் வகுப்பில் இருந்தது 2020, 2021இல். கொரோனாவால் பாடசாலை மூடி, படிப்பெல்லாம் போனுக்குள் போன காலம். நம்ம லயங்களில் சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறின பிள்ளைகளை நீங்களே பார்த்தீர்கள். ஒரு வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். 2022இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து மறுபடியும் பாடசாலை மூடினது. அந்த ஓட்டையைப் பிறகு யாரும் அடைக்கவில்லை. பாடம் மேலே மேலே போய்விட்டது.

அந்தக் கழித்தல் கணக்கை அவள் தாய்க்குத்தான் முதலில் விளக்கினேன், பிள்ளைக்கு இல்லை. “அக்கா, உங்க சம்பளம் 10,000 ரூபானு வச்சுக்குங்க. அதுல 500 ரூபா அட்வான்ஸ் வெட்டணும். ஆனா நீங்க ஏற்கனவே 100 ரூபா கையில கட்டிட்டீங்க. இப்ப எவ்வளவு வரும்?” அவர் கண்ணை மூடித் திறப்பதற்குள் 9,600 என்றார். அவ்வளவுதான் கணக்கு. 10,000இலிருந்து (500 − 100)ஐக் கழிக்கச் சொன்னால், 500ஐக் கழித்து 100ஐத் திரும்பக் கூட்ட வேண்டும். அந்த நூறு ரூபாவையும் சேர்த்து வெட்டி 9,400 கொடுத்தால் நீங்கள் சும்மா விடுவீர்களா? பிள்ளை அதைத்தான் வினாத்தாளில் செய்துகொண்டிருந்தாள். தாய் சிரித்தார். மகளுக்கு முகம் சிவந்து போச்சு.

கணிதம் மற்றப் பாடம் மாதிரி இல்லை. வரலாற்றில் ஒரு அரசனைத் தெரியாமல் விட்டாலும் அடுத்த அரசனைப் படிக்கலாம். கணிதத்தில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கிறது. பின்னம் தெரியாவிட்டால் விகிதம் வராது. விகிதம் வராவிட்டால் சதவீதம் வராது. சதவீதம் இல்லாமல் பதினோராம் வகுப்பில் வரும் கூட்டு வட்டியும் பங்குகளும் எப்படி வரும்? அதே மாதிரி அந்தக் கழித்தல் அடையாளம் சரிவராவிட்டால் காரணிப்படுத்த முடியாது, காரணிப்படுத்தத் தெரியாவிட்டால் இருபடிச் சமன்பாட்டைத் தீர்ப்பது கஷ்டம். உயர்தரத்தில் இணைந்த கணிதம் என்று ஒரு பாடம் இருக்கிறதே, அது முதல் மாதத்திலேயே இருபடியும் திரிகோணகணிதமும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு தொடங்கும். வகையீடு, தொகையீடு எல்லாம் அதற்கு மேல். கணிதப் பிரிவுக்கு சி வேண்டும் என்று வைத்திருப்பது அதற்காகத்தான். சி இல்லாத பிள்ளையைச் சேர்த்தால் இரண்டு வருடமும் வீணாகப் போகும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் சொந்த ஊர் கல்முனைக்குப் பக்கத்தில் மருதமுனை. வாப்பா கைத்தறி நெசவாளர். 1990ஆம் ஆண்டு நான் ஆறாம் வகுப்பு. அந்த வருடம் ஜூன் மாதம் கிழக்கில் திரும்ப யுத்தம் தொடங்கினது. மாதக்கணக்கில் பாடசாலை ஒழுங்காக நடக்கவில்லை. பின்னம் படிக்க வேண்டிய காலத்தில் நான் வீட்டுக்குள் ஒளிந்திருந்தேன். பிறகு ஏழு, எட்டு, ஒன்பது என்று வகுப்பேற்றிவிட்டார்கள். 1995இல் சாதாரண தரம் எழுதினேன். கணிதம் பெயில். அதே 1995இல்தான் எங்கள் கரையிலே, இப்போது ஒலுவிலில் இருக்கிற தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தைக் கல்லூரியாகத் திறந்தார்கள். அடுத்த வருடம் அது முழுப் பல்கலைக்கழகம் ஆனது. ஊரே கொண்டாடினது. எனக்கு அந்தக் கொண்டாட்டத்தில் தலை நிமிர்த்த முடியவில்லை.

இரண்டாம் தடவைக்கு ஆயத்தமாகும்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் காக்கா ஒருவர் தறிக்கொட்டிலில் வைத்து எனக்குச் சொல்லித் தந்தார். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னார். மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதினேன். தறியில் இருந்த வாப்பா, ஐந்தாம் வகுப்போடு நின்றவர், திரும்பிப் பார்த்து, “அரையோட இன்னும் கொஞ்சம் கூட்டினா அரையை விடக் குறையுமா மனே?” என்று கேட்டார். ஐந்தில் இரண்டு அரையை விடக் குறைவு. அந்த ஒரு கேள்வியில் எனக்கு ஐந்து வருட ஓட்டை தெரிந்தது. சரியான விடை ஆறில் ஐந்து. 1996இல் எஸ் எடுத்துக் கலைப்பிரிவுக்குப் போனேன். நில அளவையாளர் ஆக வேண்டும் என்று ஒரு ஆசை இருந்தது. அது அத்தோடு போச்சு.

என் ஊர்க் கதையை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், காரணம் இருக்கிறது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று அந்தக் கரையில் மீன்பிடிக்கிறவரும் வயல் செய்கிறவரும் தேத்தண்ணிக் கடையில் இருந்து பேசுவதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். “உன்ட மகன் மெட்ஸா பயோவா?” என்று கேட்பார்கள். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த தாயும், மெட்ஸுக்கு சி வேணும் என்று சொல்லுவா. கல்முனை சாஹிறாக் கல்லூரி, மஹ்மூத் மகளிர் கல்லூரி, கார்மேல் பற்றிமா, வெஸ்லி என்று எந்தப் பாடசாலையில் எந்தப் பிரிவு இருக்கிறது என்பதும் தெரியும். பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கும்போதே இந்தப் பேச்சுத் தொடங்கிவிடும். நம்ம பக்கம், “மேல படிக்க வைக்கணும் ஐயா” என்கிறோம். மேல என்றால் எதை, எங்கே என்பது பதினோராம் வகுப்பு முடிந்த பிறகுதான் தெரிய வருகிறது. ரியூஷன் பைத்தியமும் அங்கே கூடுதல்தான், அதை நான் மெச்சவில்லை. பேச்சு முன்கூட்டியே தொடங்குவதைத்தான் சொல்கிறேன்.

சட்டத்தில் பார்த்தால் அந்தக் கரைக்கும் இந்த மலைக்கும் ஒரே இடம்தான். கணிதம், விஞ்ஞானம் போன்ற பெரும்பாலான பட்டப்படிப்புகளுக்கு அனுமதி இப்படிப் பிரிக்கப்படுகிறது: 40 வீதம் முழு நாட்டுக்கும் திறமைப்படி, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய மாவட்டங்கள் 16. அம்பாறையும் அதில் இருக்கிறது. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரியும் இருக்கின்றன. ஆகவே கொழும்புப் பிள்ளை எடுக்க வேண்டிய இசட் புள்ளி அளவுக்கு நம்ம பிள்ளை எடுக்கத் தேவையில்லை. இந்தச் சலுகை கணிதப் பிரிவில் சேர்ந்து பரீட்சை எழுதின பிள்ளைக்குத்தான் பலன் தரும். சேராத பிள்ளைக்கு என்ன சலுகை இருந்து என்ன?

சேர்வதற்கு இன்னொரு தடை பாடசாலையின் வகை. இதைப் பெற்றோர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். வகை 3 பாடசாலையில் ஐந்தாம் அல்லது எட்டாம் வகுப்பு வரைதான். வகை 2 என்றால் பதினொன்று வரை. 1சி என்றால் உயர்தரம் உண்டு, ஆனால் கலையும் வர்த்தகமும் மட்டும். கணிதமும் விஞ்ஞானமும் இருப்பது 1ஏபி பாடசாலையில்தான். தோட்டப் பாடசாலைகளை 1977 முதல் கட்டம் கட்டமாக அரசாங்கம் பொறுப்பேற்றது. இருந்தாலும் அவற்றில் மிகப் பெரும்பாலானவை இன்றைக்கும் 3, 2 வகைதான். ஆகவே நம்ம பிள்ளை ஆறாம் வகுப்பில் ஒரு தடவை, பதினொன்றுக்குப் பிறகு இன்னொரு தடவை பாடசாலை மாற வேண்டி வரும். ஹட்டன் ஹைலண்ட்ஸ் மாதிரிப் பாடசாலைகளில் கணிதப் பிரிவு இருக்கிறது, ஆனால் இடம் கொஞ்சம், கேட்கிறவர் அதிகம். அங்கே எஸ்ஸோடு போய் நிற்க முடியாது. சும்மா ஒரு சியோடு போனாலும் சில நேரம் கஷ்டம்தான். ஒன்பதாம் வகுப்பு முடியும்போதே எந்தப் பாடசாலை, பஸ்ஸா, சொந்தக்காரர் வீடா, விடுதியா என்று யோசிக்கத் தொடங்க வேண்டும்.

ஆசிரியர் விஷயத்தையும் மறைக்க விரும்பவில்லை. மலைநாட்டுக்கு நியமனம் பெற்று வருகிற கணித ஆசிரியர்களில் என் ஊர்ப் பக்கத்தவர்களும் இருக்கிறார்கள். நல்லாப் படிப்பிப்பார்கள். இடமாற்றம் கிடைத்ததும் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் ஒரு வகுப்புக்கு ஆறு மாதம் கணித ஆசிரியர் இல்லாமல் போனால், அந்த ஆறு மாதம் எது விடுபட்டது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த விடுமுறையில் அதை மட்டும் யாரிடமாவது சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். முழுப் புத்தகத்துக்கும் ரியூஷன் கட்டுவதை விட அது மலிவு.

எனக்குக் கணக்கே தெரியாது, நான் எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். கணக்குத் தெரியாமலா மாசக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பார்த்து, பேர் குறையுது என்று கங்காணியிடம் சண்டை பிடிக்கிறீர்கள்? அந்தச் சீட்டையே ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுங்கள். நாட்சம்பளம் 1,000 ரூபா என்று உதாரணத்துக்கு வைத்து, 21 முழுப்பேரும் 2 அரைப்பேரும் என்றால் எவ்வளவு? 22,000 என்று சொல்ல வேண்டும். அதில் சேமலாப நிதிக்கு 8 வீதம் வெட்டினால் 1,760. தொழில் கொடுப்பவர் போடுகிற 12 வீதம் 2,640. இரண்டும் சேர்த்து 4,400. பிள்ளை கடதாசியில் இதைச் செய்து விளக்கினால் பின்னமும் சதவீதமும் கையில் இருக்கிறது. விழித்தால் அடுத்த நாளே ஆசிரியரிடம் போங்கள். போய், “படிக்கிறானா?” என்று கேட்காதீர்கள், “ஆமா” என்றுதான் சொல்வார்கள். “எந்தப் பாடம் விளங்கல?” என்று கேளுங்கள்.

பத்தாம் வகுப்புக்குப் போகும்போது தொகுதிப் பாடங்கள் மூன்று தெரிவு செய்யச் சொல்வார்கள். அதில் கணிதம் வராது, கணிதம் எல்லாருக்கும் கட்டாயம். வினாத்தாள் எப்படி என்பதையும் தெரிந்து வையுங்கள். முதல் பத்திரம் இரண்டு மணித்தியாலம்: 25 சின்னக் கேள்விக்கு இரண்டிரண்டு புள்ளி, பிறகு ஐந்து கேள்விக்குப் பத்துப் பத்து. இரண்டாம் பத்திரம் மூன்று மணித்தியாலம்: இரண்டு பகுதி, ஒவ்வொன்றிலும் ஆறு கேள்வியில் ஐந்து. அந்த 25 சின்னக் கேள்வியில் கீழ் வகுப்பில் படித்தது நிறைய வரும். எஸ்ஸில் நிற்கிற பிள்ளை சிக்கு ஏறுவது பெரும்பாலும் இங்கேதான். பெரிய கேள்விக்குப் பாய்ந்து விழுவதை விட இது நிச்சயமான வழி.

சரி, எஸ் வந்துவிட்டது. இனி என்ன? அந்தத் தாய்க்கும் மகளுக்கும் நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

ஒரு வழி, கணிதத்தை மட்டும் திரும்ப எழுதுவது. தனிப்பட்ட பரீட்சார்த்தியாக ஒரு பாடத்துக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம், எட்டுப் பாடத்தையும் மறுபடி எழுதத் தேவையில்லை. விண்ணப்பத் திகதியைத் தவறவிடாமல் இருக்க வேண்டும், அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பேர் பிழை என்று கடைசி வாரத்தில் ஓடி வருகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். பெயிலான பிள்ளைக்கும் இதே வழிதான். அதற்கிடையில் உயர்தரத்தில் உட்கார விடுவார்களா என்பது பற்றிக் கல்வி அமைச்சுக் காலத்துக்குக் காலம் சுற்றறிக்கை அனுப்பும், அதை அதிபரிடமே கேளுங்கள்.

இன்னொரு வழி தொழில்நுட்பப் பிரிவு. இது 2013இல் தொடங்கி, முதல் உயர்தரப் பரீட்சை 2015இல் நடந்தது. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் எஸ் இருந்தால் போகலாம். பொறியியல் தொழில்நுட்பம் அல்லது உயிர்முறைமைகள் தொழில்நுட்பம், அதோடு தொழில்நுட்பவியலுக்கான விஞ்ஞானம், மூன்றாவதாக இன்னொரு பாடம். இதிலிருந்தும் பல்கலைக்கழகம் போகலாம். நான் சொன்ன ஒலுவிலிலும் தொழில்நுட்பப் பீடம் இருக்கிறது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: இதில் கிடைப்பது தொழில்நுட்பப் பட்டம். பொறியியலாளர் பட்டத்துக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் படித்தே ஆக வேண்டும். டாக்டர் படிப்புக்கு உயர்தரத்தில் கணிதம் இல்லை என்று சந்தோஷப்படுகிறவர்களுக்கு: பௌதிகவியல் இருக்கிறது, அதில் சமன்பாடு இல்லாத பக்கம் குறைவு. வர்த்தகத்துக்குக் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் என்று போகலாம். சாதாரண தரம் சரிவராத பிள்ளைக்கும் 2017இல் தொடங்கிய 13 வருடக் கல்வித் திட்டத்தில் தொழிற்பிரிவு இருக்கிறது, எல்லாப் பாடசாலையிலும் இல்லை.

பிள்ளை இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்தாள். ஒரு வருடம் வீட்டில் இருந்து கணிதத்தை மட்டும் எழுத அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டில் இருந்தால் மலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயமும் இருந்திருக்கும், வாய்விட்டுச் சொல்லவில்லை. தொழில்நுட்பப் பிரிவில் சேர்ந்திருக்கிறாள், அத்தை வீட்டில் தங்கி. அங்கேயும் அந்தக் கழித்தல் அடையாளம் அவளை விடவில்லை. தோட்டத்துக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் எட்டாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துச் செய்கிறோம். நான் பின்னத்தில் இன்னும் சில நேரம் தடுமாறுவதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு.

ஆறு முதல் ஒன்பது வரை படிக்கிற பிள்ளை உள்ளவர்கள் சம்பளத்துக்கு மறுநாள் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு காரியாலயத்துக்கு வாங்க. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, கணிதக் கொப்பியையும் போன வருடக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு வாங்க. தவணைப் பரீட்சை அறிக்கை தேவையில்லை. கொப்பியில் சிவப்புக் கோடு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தால் போதும்.